முன்மொழிபவர் கையொப்பம்

சேந்தமங்கலம்,
17.11.2019

அன்பழகனுக்கு,

நான் பேசாமல் இருந்த காலம் போதும். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடமாக உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் சேர்க்க உன்னைத் தன் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போன மனிதரின் அடக்கத்துக்கு நீ வரவில்லை. ‘ஆடிட் நடக்கிறது’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாய். அதை மறந்துவிட்டு இதை எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே.

ஊருக்காக எழுதுகிறேன். சேந்தமங்கலத்தில் கடை போட்டுப் பத்திரம் எழுதுகிறவனுக்கு அடுத்தவர் சொல்வதை எழுதித்தான் பழக்கம். இதையும் அப்படியே எடுத்துக்கொள்.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் எலெக்சன் வரப்போகிறது. நம் சின்னேரிப்பட்டியில் மற்ற எதையும் எலெக்சன் என்று யாரும் மதிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். போர்வெல் ரிக் வண்டி குமாரசாமி மறுபடி நிற்கிறார். போன முறை ஏரி மண் போனது. இந்த முறை வாய்க்காலை மூடி மனை பிரிக்கப் போகிறார். அவர் வேண்டாம் என்கிறவர்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர். ஆனால் எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “அன்பழகன் வருவாருங்க.”

2003 பஞ்சத்தில் நீ பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்தாய். மலையோடைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவர வாய்க்கால் வெட்டினாய். அதை யாரும் மறுக்கவில்லை. அதற்கு முன்னால் நாற்பத்தொரு மனு எழுதியவன் நான். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் எட்டு திங்கட்கிழமை நின்றவன் நான். ஊர் அதற்கு வைத்த பெயர் அன்பழகன் வாய்க்கால்.

நேற்று சௌந்திரம் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டது:

“ஏனுங்க கஸ்பாரு, உங்க சிநேகிதரு எப்பங்க வாராரு?”

“எனக்கென்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாம யாருக்குங்க தெரியும்? பள்ளிக்கூடத்துக் காலத்துல இருந்து அவருக்கு வாலாட்டம் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சது நீங்கதானுங்க?”

கடையே சிரித்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எம்.ஏ. படித்திருக்கிறேன். இந்த ஊரில் என் உத்தியோகம் இன்னும் உன் வால்தான்.

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வந்தவர்கள் மூன்று முறை உன் பெயரை அடிக்கப் பார்த்தார்கள். “அவர் அம்மா ஆராயி இங்கேதான் இருக்கிறார், அவர் வீடும் இதுதான்” என்று மூன்று முறையும் எழுதிக்கொடுத்துக் காப்பாற்றியவன் நான். ஏன் காப்பாற்றினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. நீதான் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாயே. வந்து நில்.

இப்படிக்கு,
ஜே. கஸ்பார், எம்.ஏ.,
பத்திர எழுத்தர்


ஓசூர்,
26.11.2019

கஸ்பார்,

உன் கையெழுத்தை உறை மேல் பார்த்ததும் அனிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஊட்டுக்காரி என்னோட எழுத்தைக்கூட நீங்க இப்படித் தடவிப் பாத்ததில்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் அப்பாவின் அடக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆடிட் ஒரு காரணமே இல்லை. அவர் முகத்தை அப்படிப் பார்க்கப் பயந்தேன். இதை அன்றே சொல்லியிருந்தால் நீ இரண்டு அறை கொடுத்துவிட்டுப் பேசியிருப்பாய்.

எலெக்சன் வேண்டாம் கஸ்பார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்தான் ஆகிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வாய்க்காலை வெட்டியது அரசாங்கம். கோப்பு தானாக என் மேஜைக்கு வந்தது, நான் அளவெடுத்துக் கொடுத்தேன். வேறொருவன் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவன் பெயரை வைத்திருப்பார்கள். பதினாறு வருடமாக ஊரில் இல்லாததால்தான் நான் நல்லவனாக இருக்கிறேன். இங்கேயே இருந்திருந்தால் எனக்கும் இரண்டு எதிரி, ஒரு வழக்கு என்று ஆகியிருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ ஏன் நிற்கக் கூடாது? ஊர் விஷயம் உன்னைவிட யாருக்குத் தெரியும்? நான் வந்து வீடு வீடாக உனக்கு ஓட்டுக் கேட்கிறேன்.

அம்மாவை ஒரு எட்டு போய்ப் பார். உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறது.

உன்,
அன்பு


சேந்தமங்கலம்,
13.12.2019

அன்பழகனுக்கு,

‘நீ நில்’ என்று எழுதியிருந்தாய். உன் பேச்சை மதித்துக் கேட்டும் பார்த்தேன். பால் சொசைட்டி வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். “அன்பழகன் வராட்டி நானே நிக்கலாம்னு இருக்கேன்” என்றேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பரவாயில்லை. மகளிர் குழு அங்கம்மாள்தான் முதலில் வாய் திறந்தது.

“நில்லுங்க, நில்லுங்க. உங்க அந்தோணியார் கோயில் தெருவுல நாப்பது ஓட்டு இருக்குதுங்களே.”

“மீதி?”

“மீதிக்கு அவரு வருவாருங்க.”

அதோடு பேச்சு பால் கொழுப்பு அளவுக்குப் போய்விட்டது.

மனுத் தாக்கல் தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. குமாரசாமி முதல் நாளே போட்டுவிட்டார். வேறு ஒருவரும் போடவில்லை. உனக்கு எதிராக நின்றோம் என்ற பெயர் வந்துவிடக் கூடாதாம். அங்கம்மாள் நின்றிருக்கலாம், குழுப் பெண்கள் ஓட்டே முந்நூறு தேறும். கேட்டால், “அவரு வந்து எறங்கறப்ப நான் குறுக்க நின்னா நல்லாவா இருக்கும்?” என்கிறது. ஓசூர் பஸ் வருகிற நேரத்துக்கெல்லாம் நிறுத்தத்தில் ஆள் நிற்கிறது. நீ வராததால் ஊர் காலியாக நிற்கிறது என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். வரமாட்டாய் என்றால் ஒரு வரி எழுதிப் போடு, மற்றவர்களாவது மனு போடட்டும். இரண்டும் செய்யாமல் இருக்க உனக்கு உரிமை இல்லை.

உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். “எம் மவன் வருவானா சாமி?” என்று கேட்டது. ஊரே கேட்கிற அதே கேள்வி. அது கேட்டபோதுதான் எனக்குப் பதில் வரவில்லை.

திங்கட்கிழமை, 16ஆம் தேதி, மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

இப்படிக்கு,
ஜே. கஸ்பார், எம்.ஏ.,
பத்திர எழுத்தர்


ஓசூர்,
5.1.2020

கஸ்பார்,

உன் ஸ்பீடு போஸ்ட் அந்தத் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு என் கைக்கு வந்தது. போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமையே வந்திருப்பேன். ‘உன் அம்மா கேட்டபோது பதில் வரவில்லை’ என்ற வரியைப் படித்ததும் அனிதாவே காரை எடுக்கச் சொன்னாள். மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

யூனியன் ஆபீஸ் வாசலில் இருந்த கூட்டத்தை நீயும் பார்த்தாய். நான் இறங்கியபோது மணி நான்கு நாற்பது. மனு எழுதியது நீ. முன்மொழிய நாற்பது பேர் கை நீட்டினார்கள். நீதான் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நான்கு வருடத்துக்குப் பிறகு உன் கையைத் தொட்டது அந்தப் பேனாவைக் கொடுத்தபோதுதான்.

மறுநாள் பரிசீலனையில் அதிகாரி என் மனுவைப் புரட்டி உன் கையெழுத்தைக் காட்டினார். பிறகு பக்கத்தில் இன்னொரு மனுவை வைத்தார். அது செல்லமுத்துவுடையது. குமாரசாமியின் ரிக்கில் வேலை செய்கிறவன், அவருக்கு மாற்றாக மனு போட்டவன். அதில் முன்மொழிபவர் இடத்திலும் உன் கையெழுத்து. அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் ஒருவரைத்தான் முன்மொழியலாம், முதலில் வந்தது செல்லும், பிந்தியது செல்லாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

வெளியே வந்தேன். “என்னாச்சுங்க, என்னாச்சுங்க” என்று மொய்த்தார்கள். நீ வேப்பமரத்தடியில் நின்றிருந்தாய். உன் பெயரைச் சொன்னால் அந்தக் கூட்டம் உன்னை என்ன செய்யும் என்று ஒரு நொடி யோசித்தேன். “என் தப்புங்க. மனுவுல தப்பாயிருச்சு” என்றேன். உன்னைப் பார்த்தேன். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

செல்லமுத்து 19ஆம் தேதி வாபஸ் வாங்கிவிட்டான். குமாரசாமி போட்டியின்றிப் பிரசிடெண்ட் ஆகிவிட்டார். ஊர் இப்போது கணக்குப் போட்டுவிட்டது: நான் வருவேன் வருவேன் என்று சொல்லவைத்து மற்றவர்களைத் தடுத்து, கடைசி நேரத்தில் வந்து, வேண்டுமென்றே தப்பாக மனு போட்டேன். குமாரசாமியிடம் விலை போனேன். என் வாயாலேயே ‘என் தப்பு’ என்று ஒப்புக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் நான்கூட நம்பியிருப்பேன்.

என்னை விடு. அம்மா அங்கே தனியாக இருக்கிறது. குழாயடியில் அது குடத்தை வைத்தால் பெண்கள் தங்கள் குடங்களைத் தள்ளி வைக்கிறார்களாம். சௌந்திரம் டீ கொடுப்பதில்லையாம்.

நீ மறந்துவிட்டாய் என்றே நம்புகிறேன். அன்று உன் கடையில் கூட்டம் இருந்திருக்கும். ஒன்றே ஒன்று செய். ஒரு தாளில் நான்கு வரி: இரண்டு மனுவிலும் கையெழுத்துப் போட்டது நீ, மறதியில் நேர்ந்தது, எனக்கு இதில் பங்கில்லை. கீழே உன் கையெழுத்து. அதை அம்மாவிடம் கொடு. அதற்குப் படிக்கத் தெரியாது. சொசைட்டியில் யாராவது உரக்கப் படித்தால் போதும்.

அன்பு


சேந்தமங்கலம்,
19.1.2020

அன்பழகனுக்கு,

கடிதம் கிடைத்தது. மறந்துவிட்டேன். அன்று வார்டு மெம்பர்கள் உட்பட ஒன்பது பேருக்கு மனு எழுதினேன். செல்லமுத்துவுக்கு முன்மொழிய வேண்டிய ஆள் வரவில்லை, கேட்டான், போட்டேன். நீ வருவாய் என்று எனக்கு ஜோசியம் தெரியாது.

எழுத்தில் எதுவும் தர இயலாது. நான் உரிமம் பெற்ற எழுத்தர். ஒரு மனுவைக் கெடுத்ததாக நானே கையெழுத்திட்டுக் கொடுத்தால் நாளை எவன் என்னிடம் கிரயம் எழுத வருவான்? வீட்டுக்காரி வேளாங்கண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தொழில்தான் சோறு.

‘என் தப்பு’ என்று சொல்லச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? அங்கேயும் பெரிய மனிதன் நீதான். ஊர் நான்கு மாதத்தில் மறந்துவிடும்.

இப்படிக்கு,
ஜே. கஸ்பார், எம்.ஏ.,
பத்திர எழுத்தர்


ஓசூர்,
11.3.2023

கஸ்பார்,

மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நன்றி சொல்ல.

அம்மாவின் உடலை ஊருக்குக் கொண்டுவந்த அன்று நான், என் மைத்துனன், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று மூன்று பேர்தான் இருந்தோம். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. சௌந்திரம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், கால்கள் தெரிந்தன. பாடையைத் தூக்க நான்காவது தோள் இல்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். அப்போது நீ உன் தெருவிலிருந்து வந்தாய். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் இடதுபக்கம் போய் நின்றாய். சுடுகாடுவரை தோளை மாற்றவில்லை. முடிந்ததும் சொல்லாமல் போய்விட்டாய்.

உன் அப்பாவுக்கு நான் செய்யாததை என் அம்மாவுக்கு நீ செய்தாய். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

குழாயடியைத் தாங்க முடியாமல் 2020லேயே அம்மா இங்கே வந்துவிட்டது உனக்குத் தெரியும். மூன்றாவது மாடி. கீழே இறங்காது. ஜன்னலில் உட்கார்ந்து பஸ்ஸை எண்ணும். வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கும்: “கஸ்பாரு சீட்டு எழுதிக் குடுத்தானா சாமி?” நீ நான்கு வரி எழுதப் போகிறாய் என்று நான்தான் அவசரப்பட்டுச் சொல்லியிருந்தேன். “தருவாம்மா” என்பேன். “அவன் எழுத்து முத்தாட்டம் இருக்கும். குடுத்தான்னா நான் ஊட்டுக்குப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போகும். கடைசி வாரம் ஆஸ்பத்திரியிலும் கேட்டது. “வந்திருச்சும்மா, கையெழுத்தெல்லாம் போட்டு வந்திருச்சு” என்று பொய் சொன்னேன். மின்சார பில்லைக் காட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

இனி அந்தத் தாள் தேவையில்லை. நீ அதை நினைத்து வருந்த வேண்டாம்.

வீட்டைப் பூட்டிச் சாவியை அங்கம்மாளிடம் கொடுத்தேன். கையில் வாங்கவில்லை, படியில் வைக்கச் சொன்னது.

உன்,
அன்பு


சேந்தமங்கலம்,
25.8.2025

அன்பு,

இரண்டரை வருடமாக உன் கடைசிக் கடிதம் என் மேஜை இழுப்பறையில் முத்திரைத்தாள்களுக்கு அடியில் இருக்கிறது. பதில் போடாமல் இருந்தது கோபத்தால் இல்லை.

குமாரசாமியின் காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர். வாய்க்கால் இருந்த இடத்தில் அறுபது மனை. மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கிரயங்களில் பாதியை எழுதியது நான். கிழக்கு எல்லை என்று எழுதும்போது ‘அன்பழகன் வாய்க்கால்’ என்று போட முடியாது, ‘வண்டிப் பாட்டை’ என்று போடச் சொல்லிவிட்டார்கள்.

எலெக்சன் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். ஊர் மறுபடி ஆள் தேடுகிறது. இன்று காலை சௌந்திரம் சொன்னது:

“அன்பழகன் நம்மள வித்துப்போட்டாரு, போகட்டும். இந்தத் தடவ ஆத்தூர்ல இருந்து ஒருத்தரு வாராராமுங்க. நம்மூர்ல பொண்ணு கட்டுனவரு, பெரிய வக்கீலு. மனு போடற கடைசி நாள் பாருங்க, வந்து எறங்குவாரு.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் என்னங்க, பொறுத்திருக்க வேண்டியதுதான். வந்தா நீங்கதானுங்க எழுதிக் குடுக்கோணும்? உங்க கையி ராசிக் கையி.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் கடைக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்பு, நான் மறக்கவில்லை.

காலையில் செல்லமுத்துவுக்குப் போட்டது கோபத்தில். எட்டு நாளாக நீ வரவில்லை. ஊர் முழுக்க என்னிடம் உன்னைக் கேட்டது. உன்னைத் தவிர யார் வந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றி, குமாரசாமியின் ஆள் என்று தெரிந்தே போட்டேன். அதோடு முடிந்திருந்தால் அது சின்ன அற்பத்தனம்.

நான்கு நாற்பதுக்கு உன் கார் வந்தது. இந்த ஊரில் யாரைவிடவும் உனக்காக அதிகமாகக் காத்திருந்தவன் நான். கார் கதவை நான்தான் திறந்தேன். நீ இறங்கினாய். விசில் அடித்தார்கள். அங்கம்மாள் ஆரத்தித் தட்டே வைத்திருந்தது. எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அப்போது பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: “கஸ்பாரு, கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, அவர மறைக்கறீங்க.” யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நகர்ந்து நின்றேன்.

பிறகு நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பேனாவை நீட்டினாய். “டே கஸ்பாரு, உன் கையெழுத்துதான்டா வேணும். வேற எவனும் போடக் கூடாது.” பக்கத்தில் அங்கம்மாள் கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. ‘நான் காலையிலேயே ஒருத்தருக்குப் போட்டுட்டேன், அங்கம்மா போடட்டும்.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் ஊரே நின்றிருந்தது. அந்த விதியை அன்று காலை மட்டும் நான் ஏழு பேருக்கு விளக்கிச் சொல்லியிருந்தேன். பேனா முனை தாளைத் தொடும்வரை எனக்குத் தெரிந்திருந்தது, தொட்ட பிறகும் தெரிந்திருந்தது. என் கையெழுத்தில் ஜேயின் வாலை எப்போதையும்விட நீளமாக இழுத்தேன்.

ஏன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். இந்த ஊருக்கு என் கையெழுத்து வேண்டியிருந்தது அன்று ஒரு நாள்தான். அதை அங்கம்மாளுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அது பாதி. மீதிப் பாதி உனக்கே தெரியும். வேப்பமரத்தடியில் நான் செருப்பைப் பார்த்தபோதே நீ தெரிந்துகொண்டாய். தெரிந்துகொண்டுதான் ‘மறந்துவிட்டாய் என்று நம்புகிறேன்’ என்று எழுதினாய். எனக்கு வழி விட்டாய். அந்த வழியிலேயே நான் ஓடிப்போனேன்.

உன் அம்மாவின் பாடைக்கு வந்தது இரக்கத்தால் இல்லை. எழுதிக் கொடுக்காத அந்தச் சீட்டுக்குப் பதிலாகத் தோளைக் கொடுத்தேன். அதற்கு நீ நன்றி எழுதினாய். மின்சார பில்லைப் பற்றி எழுதினாய். அந்தப் பத்தியை நான் இரண்டாம் முறை படித்ததில்லை.

இதை எழுதி முடித்து, ‘இப்படிக்கு’ என்று போடப் போய், நிறுத்திவிட்டேன். பேனாவை மூடித் திறந்தாகிவிட்டது, நான்கைந்து முறை. பெயர் எழுத வரவில்லை. கையெழுத்தில்லாத தாள் எந்த ஆபீசிலும் செல்லாது என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறவன் நான். இதைச் சொசைட்டியில் வைத்து நீ உரக்கப் படிக்கவைக்க முடியாது. படித்தாலும், நான் எழுதியதில்லை என்று என்னால் சொல்ல முடியும். சொல்லவும் கூடும். என்னை எனக்குத் தெரியும்.

உன் பெயருக்குக் கீழே ஒருமுறை கையெழுத்துப் போட்டேன். இன்னொரு முறை போட இந்தக் கைக்கு யோக்கியதை இல்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். பயம்தான். வேளாங்கண்ணிக்குத் தெரிந்துவிடும், சௌந்திரம் கடைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

எழுத்தைப் பார்த்தால் உனக்குத் தெரியும். அது உனக்கு மட்டும் போதும், ஊருக்குப் போதாது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அன்பு.

தபால் பெட்டியைத் திறக்க நாலரைக்கு வருவார்கள். மணி நான்கு இருபது ஆகிறது. பெயர் போடாமலே ஒட்டப்போகிறேன். இப்படியே போய்ப் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,